கேட்டால் சொல்லும் சில்லு, கேட்டாலும் சொல்லாத சில்லு: லினக்ஸ் கணினியில் ஒலி வரும் வழி

காட்பாடியில் பழைய மடிக்கணினிகளை வாங்கி விற்கும் கடைகளுக்குக் குறைவில்லை. சென்னையிலும் பெங்களூரிலும் உள்ள அலுவலகங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திவிட்டுக் கழித்துக்கட்டும் கருவிகள், அந்த இரண்டு நகரங்களுக்கும் நடுவே ரயில் பாதையிலும் நெடுஞ்சாலையிலும் அமர்ந்திருக்கும் நம் ஊருக்கு வந்து சேர்வது இயல்புதான். எங்கள் தெருவில் பொறியியல் படிக்கும் மாணவி ஒருத்தி அப்படி ஒரு கருவியை வாங்கி, கல்லூரியில் மூத்த மாணவர் கொடுத்த பென்டிரைவிலிருந்து டெபியன் 11 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிக்கொண்டாள். முதலில் ஒலியே வரவில்லை. ஒலி அமைப்பைத் திறந்தால் 'டம்மி அவுட்புட்' என்ற ஒரே வரிதான் இருந்தது. அந்த மூத்த மாணவர் இணையத்தில் தேடிப்பிடித்த ஒற்றை வரியை ஏதோ ஒரு கோப்பில் சேர்த்ததும் ஸ்பீக்கர் பாடத் தொடங்கியது. இரண்டு வாரம் கழித்து வேலைக்கான நேர்காணலுக்குப் பயிற்சி எடுக்க உட்கார்ந்தபோதுதான், அவள் பேசுவது எதிர்முனையில் யாருக்கும் கேட்கவில்லை என்பது தெரிந்தது. மைக் பழுது என்று கடைக்கு எடுத்துப் போனாள். "இன்னாம்மா, லினக்ஸ் போட்டா இதெல்லாம் வராதுன்னு தெரியாதா? விண்டோஸ் போட்டுக் குடுத்துர்றேன், உடு" என்று சொல்லி அனுப்பிவிட்டார் கடைக்காரர்.

லினக்ஸில் இந்தச் சில்லுக்கு (சிப்) டிரைவர், அதாவது அதை இயக்கும் நிரல், இல்லை என்பதுதான் கடைக்காரர் மனத்தில் இருந்த காரணம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னால் அது பெரும்பாலும் சரியான காரணம். இன்று அந்தக் கருவியில் இருந்த ஒவ்வொரு சில்லுக்கும் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள்ளேயே டிரைவர் இருக்கிறது. இருந்தும் ஒலி வராமல் போகிறது என்றால், குறைவது டிரைவர் அன்று. மதர்போர்டில் எந்தக் கம்பி எங்கே போகிறது என்ற தகவல். அந்தத் தகவலைச் சில்லிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள முடிகிற கணினிகளில் ஒலி தானாக வந்துவிடுகிறது. தயாரிப்பாளர் சொன்னால்தான் தெரியும் என்கிற கணினிகளில், அவர் சொல்லாமல் விட்ட அளவுக்கு ஒலி வராமல் போகிறது. லினக்ஸில் ஒலியின் வரலாறு முழுவதையும் இந்த ஒரு வேறுபாட்டை வைத்துப் படித்துவிடலாம் என்றே நினைக்கிறேன்.

தொடக்கத்தில் கேட்க வழியே இல்லை. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989-இல் கொண்டுவந்த சவுண்ட் பிளாஸ்டர் அட்டைகள் ஐஎஸ்ஏ என்ற பழைய வகைப் பொருத்தியில் செருகப்பட்டன. அந்தப் பொருத்தியில் செருகிய அட்டைக்குத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் ஏற்பாடு எதுவும் கிடையாது. முகவரி 220, குறுக்கீட்டு எண் 5, டிஎம்ஏ தடம் 1 என்று அட்டையில் உள்ள சிறு ஜம்பர்களை வைத்துப் பயனரே அமைத்து, அதே எண்களை மென்பொருளுக்கும் சொல்ல வேண்டும். ஒரு எண் தவறினால் மௌனம். சில சமயம் கணினியே உறைந்து நிற்கும். ஃபின்லாந்தைச் சேர்ந்த ஹன்னு சவோலைனென் 1992-இல் லினக்ஸுக்கு எழுதத் தொடங்கிய ஒலி டிரைவர்கள், பின்னர் ஓஎஸ்எஸ் என்று பெயர் பெற்று, இந்த அட்டைகளைத்தான் முதலில் பேசவைத்தன. பெரும்பாலான அட்டைகளில் ஒரு நேரத்தில் ஒரே நிரல்தான் ஒலிக் கருவியைத் திறக்க முடியும். பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் வேறு எந்த நிரலும் மணியடிக்க முடியாது. செக் நாட்டைச் சேர்ந்த யாரொஸ்லாவ் கிசேலா 1998-இல் தொடங்கிய ஆல்சா என்ற திட்டம் இதற்கு மாற்றாக வளர்ந்து, 2003 டிசம்பரில் வெளிவந்த 2.6 கர்னலில் முறையான இடம் பிடித்தது. இன்றுவரை லினக்ஸில் சில்லுகளோடு நேரடியாகப் பேசுவது ஆல்சாதான். அதற்கு மேலே எத்தனை அடுக்குகள் வந்தாலும் கடைசியில் அதன் வழியாகத்தான் போக வேண்டும்.

இதற்கிடையில் பிசிஐ என்ற பொருத்தி வந்தது. அதில் செருகும் ஒவ்வொரு கருவியும் தன் தயாரிப்பாளர் எண்ணையும் தன் வகை எண்ணையும் தன்னிடமே வைத்திருக்கிறது, கேட்டால் சொல்கிறது. இன்டெல் தனக்கு எடுத்துக்கொண்ட எண் 8086, தன்னுடைய புகழ்பெற்ற பழைய நுண்செயலியின் பெயர். ஆனால் ஒலியைப் பொறுத்தவரை உண்மையான மாற்றம் 2004-இல் இன்டெல் வெளியிட்ட ஹை டெஃபனிஷன் ஆடியோ என்ற தரத்தோடு வந்தது. 1997-இன் ஏசி 97 தரத்துக்கு மாற்றாக வந்த இதில் வேலை இரண்டாகப் பிரிகிறது. தரவை நினைவகத்திலிருந்து எடுத்துத் தரும் கட்டுப்படுத்தி, செயலியை ஒட்டிய சிப்செட்டுக்குள் இருக்கிறது. எண்களை மின்னலையாக மாற்றும் கோடெக் என்ற தனிச் சில்லு மதர்போர்டின் ஓரத்தில் இருக்கிறது. பெரும்பாலும் அது ரியல்டெக் நிறுவனத்துடையது.

பழைய வடஆற்காட்டுக்காரர்களுக்கு இந்தத் தரம் இயங்கும் முறையை விளக்கத் தெருக்கூத்தைவிடப் பொருத்தமான காட்சி கிடைக்காது. செய்யாறு, வந்தவாசி, ஆரணிப் பக்கம் கூத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: இருவர் திரை பிடித்து நிற்க, அதன் பின்னால் நிற்கும் வேஷக்காரரைப் பார்த்துக் கட்டியக்காரன் யார், எந்த ஊர், என்ன பெயர் என்று கேட்க, வேஷக்காரர் தன்னைத் தானே சொல்லிக்கொண்ட பிறகுதான் திரை விலகும். ஆல்சாவின் டிரைவர் செய்வதும் இதைத்தான். கணினி தொடங்கும்போது கோடெக்கிடம் போய், உன்னிடம் எத்தனை உறுப்புகள் இருக்கின்றன, முதலாவது யார், இரண்டாவது யார், இவருக்கும் அவருக்கும் தொடர்பு உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறது. ஒன்று 'நான் எண்ணை அலையாக மாற்றுபவன்' என்கிறது. இன்னொன்று 'நான் கலப்பவன்' என்கிறது. மற்றொன்று 'நான் வெளியே போகும் பின்' (சில்லின் இணைப்புக் கால்) என்கிறது. பதில்களையெல்லாம் கோத்து, ஒலி எந்த வழியாக வெளியே போகும் என்ற மரத்தை டிரைவர் தானே வரைந்துகொள்கிறது. இதற்கு முன் பார்த்திராத கோடெக்காக இருந்தாலும், இந்தக் கேள்வி பதிலைக் கொண்டே அதைப் பெருமளவுக்கு இயக்கிவிட முடியும்.

ஆனால் இதில் ஒரு பதில் மட்டும் வேஷக்காரர் சொந்தமாகச் சொல்வதல்ல. 'நான் ஒரு பின்' என்று சில்லால் சொல்ல முடியும். அந்தப் பின்னில் ஸ்பீக்கர் பற்றவைக்கப்பட்டிருக்கிறதா, ஹெட்போன் துளை இருக்கிறதா, ஒன்றுமே இல்லையா என்பது மதர்போர்டைச் செய்தவருக்குத்தான் தெரியும். ஆகவே ஒவ்வொரு பின்னுக்கும் 32 பிட் கொண்ட ஒரு குறிப்பு எண்ணை, கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் தயாரிப்பாளரின் நிரலான பயாஸ் எழுதிவைக்க வேண்டும் என்று தரம் சொல்கிறது. மடிக்கணினிகளில் அடிக்கடி தென்படும் 90170110 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். இது எட்டு இலக்கமுள்ள பதினாறடிமான எண். முதல் இரண்டு இலக்கங்கள் இந்தப் பின்னில் இருப்பது வெளியே துளையாக இல்லை, பெட்டிக்குள்ளேயே நிலையாகப் பொருத்தப்பட்டது என்கின்றன. மூன்றாவது இலக்கமான 1 ஸ்பீக்கரைக் குறிக்கிறது; அங்கே 2 இருந்தால் ஹெட்போன். ஐந்தாவது இலக்கம் துளையின் நிறம். பச்சை என்றால் 4, இளஞ்சிவப்பு என்றால் 9. உள்ளே இருக்கும் ஸ்பீக்கருக்கு நிறம் ஏது, ஆகவே 0. எண் 4 என்று தொடங்கி ஒன்றுகளாக நீண்டால், இந்தப் பின்னில் எதுவும் இணைக்கப்படவில்லை என்று பொருள்.

தயாரிப்பாளர் இந்த எண்ணைத் தவறாக எழுதிவிட்டால் என்ன ஆகும்? ஸ்பீக்கர் இருக்கும் பின்னை 'ஒன்றுமில்லை' என்று குறித்துவிட்டால் டிரைவர் அந்தப் பக்கமே போகாது. தொழிற்சாலைச் சோதனையில் இது பெரும்பாலும் தெரிவதில்லை; ஏனென்றால் அங்கே ஓடும் விண்டோஸுக்கான டிரைவர் தொகுப்பு, பயாஸின் பிழைக்கான திருத்தத்தையும் தன்னோடு சுமந்துகொண்டு வந்திருக்கும். லினக்ஸுக்கு அந்தத் திருத்தத்தை யாரும் சொல்வதில்லை. எனவே கர்னலைப் பராமரிப்பவர்கள், இன்ன நிறுவனத்தின் இன்ன மாதிரி என்று அடையாள எண்ணை வைத்து, அதற்கு இன்ன திருத்தம் என்று நீளமான ஓர் அட்டவணையைச் சேர்த்துக்கொண்டே வருகிறார்கள். ரியல்டெக் சில்லுகளுக்கான கோப்பு மட்டும் பத்தாயிரம் வரிகளைத் தாண்டி வளர்ந்தது. பழைய வீட்டில் வயரிங் செய்த எலக்ட்ரீஷியன் வரைபடம் வைக்காமல் போய்விட, பின்னால் குடிவந்தவர்கள் ஸ்விட்ச்சுக்கு ஸ்விட்ச் போட்டுப் பார்த்து, இது கூடம், இது சமையலறை என்று ஸ்டிக்கர் ஒட்டிவைத்ததைப் போன்ற வேலை இது. யாரோ ஒருவர் தன் கருவியில் ஒலி வரவில்லை என்று விவரம் அனுப்பியிருந்தால்தான் ஒரு வரி ஏறும். அதே மாதிரியை அடுத்து வாங்குபவர் அதற்குப் பின் சிக்கலே இருந்ததாக அறியமாட்டார்.

உங்கள் மாதிரிக்கு அந்த வரி இன்னும் ஏறவில்லை என்றால், எச்டிஏஜாக்ரீடாஸ்க் என்ற சிறு கருவியைக் கொண்டு பின்களின் குறிப்பு எண்ணை நீங்களே மாற்றிச் சோதிக்கலாம். 'இணைப்பில்லை' என்றிருக்கும் பின்களை ஒவ்வொன்றாக 'உள் ஸ்பீக்கர்' என்று மாற்றிக் கேட்டுப் பார்ப்பதுதான் முறை. பொறுமை வேண்டும், ஆனால் ஒலி வந்தவுடன் அந்த விவரத்தை ஆல்சா பராமரிப்பாளர்களுக்கு அனுப்பிவைப்பது, வீட்டைக் காலிசெய்யும்போது அடுத்த குடித்தனக்காரருக்காக ஸ்டிக்கரை விட்டுப் போவதற்குச் சமம்.

2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் முதல் சில ஆண்டுகளில் வந்த கருவிகள், கோடெக்கைக் கேட்டாலே போதும் என்றிருந்த காலத்தைச் சேர்ந்தவை. மைக், ஸ்பீக்கர், ஹெட்போன் எல்லாம் ஒரே கோடெக்கில் தொங்கும் எளிய அமைப்பு. பல வீடுகளில் பீரோவுக்கு மேலே உறங்கிக்கொண்டிருக்கும் அந்தக் கருவியில் இன்று புதிய லினக்ஸ் ஒன்றை நிறுவினால், பேட்டரியும் விசைப்பலகையும் மக்கர் செய்யுமே தவிர, ஒலி தகராறு செய்வது அரிது. புதிய கருவியில் வராத ஒலி பழையதில் வருகிறதே என்று வியப்பவர்கள் உண்டு. காரணம் பாதி இப்போது புரிந்திருக்கும், மீதி பின்னால் வருகிறது.

இனி மேல் அடுக்குகளைப் பற்றிச் சுருக்கமாக. ஒரே நேரத்தில் பல நிரல்களின் ஒலியைக் கலந்து, எதை எங்கே அனுப்புவது என்று முடிவுசெய்ய ஆல்சாவுக்கு மேல் ஒரு சேவகன் தேவைப்பட்டது. லென்னார்ட் போட்டரிங் 2004-இல் தொடங்கிய பல்ஸ்ஆடியோ அந்த வேலையை ஏற்று, 2007-இல் ஃபெடோரா 8 என்ற லினக்ஸ் வெளியீட்டிலும் அடுத்த ஆண்டு உபுண்டு 8.04-லும் இயல்பாக இடம்பெற்றது. அந்த நாட்களில் அதைத் திட்டாதவர்கள் குறைவு. அதற்கு முன் எந்த நிரலும் தொடாத டிரைவர் மூலைகளை அது தொட்டதால் வெளிப்பட்ட பிழைகளும் அதன் கணக்கில்தான் எழுதப்பட்டன என்பது என் கருத்து. இப்போது அந்த இடத்தில் விம் டேமன்ஸ் எழுதிய பைப்வயர் இருக்கிறது. 2021 ஏப்ரலில் வந்த ஃபெடோரா 34 அதை ஒலிக்கு இயல்பாக்கியது, உபுண்டு 22.10 பின்தொடர்ந்தது.

பயனர் கண்ணுக்குத் தெரிவது இந்த மேல் அடுக்கு மட்டுமே. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. அரசனில்லாக் கோட்டை, தண்ணீரில்லா ஆறு, சாமியில்லாக் கோயில் என்று வேலூரைப் பற்றிப் பெரியவர்கள் அடுக்குவதுண்டு (1981-இல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பிய பிறகு மூன்றாவது பொய்த்துவிட்டது, முதலிரண்டும் அநேகமாக அப்படியே இருக்கின்றன). 'டம்மி அவுட்புட்' என்பது அத்தகைய அரசனில்லாக் கோட்டைதான். பைப்வயர் ஓடுகிறது, ஒலியளவுப் பட்டை ஏறி இறங்குகிறது, பாட்டு ஓடுவதாக நிரல் காட்டுகிறது. ஆனால் ஆல்சா கீழேயிருந்து ஓர் அட்டையைக்கூட (மதர்போர்டிலேயே இருக்கும் ஒலிக் கருவியையும் அது அட்டை என்றே அழைக்கும்) ஒப்படைக்கவில்லை. நிரல்கள் பிழை சொல்லி நின்றுவிடாமல் இருக்க, வருகிற ஒலியையெல்லாம் வாங்கிக் காற்றில் விடும் ஒரு பொய்க் கருவியை மேல் அடுக்கே உருவாக்கி வைத்திருக்கிறது. அந்த நிலையில் பைப்வயரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவதோ, பல்ஸ்ஆடியோவுக்குத் திரும்புவதோ எதற்கும் உதவாது. இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பாதி இந்த ரகம் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சோதனையைக் கீழிருந்து மேலே கொண்டுபோவதுதான் முறை. முதலில் பிசிஐ பட்டியலைக் காட்டும் கட்டளையில் ஒலிக் கட்டுப்படுத்தி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அங்கேயே இல்லை என்றால், பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். அடுத்து, கணினி தொடங்கும்போது கர்னல் எழுதிய குறிப்புகளில் ஒலி சார்ந்த வரிகள் என்ன சொல்கின்றன என்று படிக்க வேண்டும். பெரும்பாலானோர் தாண்டிப்போகும் படி இது. பெரும்பாலான விடைகள் இருப்பதும் இங்கேதான். பிறகு ஆல்சாவின் ஏபிளே கட்டளையில் அட்டைகளின் பட்டியலைக் கேட்க வேண்டும். அட்டை அங்கே தெரிந்தால் கீழ்த்தளம் சரி, சிக்கல் அதற்கு மேலே. தெரியாவிட்டால் மேல்தளத்தில் எதைத் தொட்டும் பயனில்லை.

அட்டை தெரிந்தும் மௌனம் என்றால் காரணங்கள் பெரும்பாலும் சில்லறைத்தனமானவை. ஆல்சாமிக்ஸர் என்ற ஒலியளவு நிரலில் ஒரு தடத்தின் கீழே 'எம்எம்' என்று இருந்தால் அது ஊமையாக்கப்பட்டிருக்கிறது. எம் விசையைத் தட்டினால் திறந்துகொள்ளும். முதன்மைத் தடம் திறந்திருந்து, ஸ்பீக்கர் தடம் தனியாக மூடியிருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஹெட்போன் செருகினால் ஸ்பீக்கரைத் தானாக நிறுத்தும் வசதி ஒன்று உண்டு. துளைக்குள் தூசியும் பஞ்சும் அடைந்து, செருகாமலே செருகியதாகக் கணினி நினைத்துக்கொண்டால், ஸ்பீக்கர் மூடியே கிடக்கும். மே மாதத்தில் ஜன்னலைத் திறந்து வைக்கும் நம் ஊர் வீடுகளில் இது அபூர்வமல்ல. மென்பொருளைப் புரட்டுவதற்கு முன் ஹெட்போனை நாலைந்து முறை செருகி எடுத்துப் பார்ப்பது நல்லது. குடியாத்தத்தில் நண்பர் நடத்தும் கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில் வேறு கதை. ஏஎம்டி செயலி கொண்ட மேசைக்கணினி. எச்டிஎம்ஐ கம்பியால் திரை இணைக்கப்பட்டிருந்தது. அந்தக் கம்பி ஒலியையும் சுமக்கக்கூடியது என்பதால் அதற்கென்று ஓர் அட்டை உண்டு. அது பூஜ்ஜியம் என்ற முதல் எண்ணைப் பிடித்துக்கொள்ள, உண்மையான ஸ்பீக்கர் துளைகள் கொண்ட அட்டை ஒன்று என்ற எண்ணுக்குத் தள்ளப்பட்டிருந்தது. எண் குறிப்பிடாத எல்லா ஒலியும் ஸ்பீக்கரே இல்லாத திரைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒலி அமைப்பில் வெளியீட்டுக் கருவியை மாற்றியதோடு அரை நிமிடத்தில் முடிந்தது. அதற்கு முன் அவர் புது ஸ்பீக்கரே வாங்கியிருந்தார் என்பது தனி வருத்தம்.

ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் 'டப்' என்று ஓர் ஒலி கேட்டால், அது பழுதல்ல. பேட்டரியை மிச்சப்படுத்தக் கோடெக் உறங்கப் போய் எழுந்து வரும் ஓசை. உறக்க நேரத்தைப் பூஜ்ஜியமாக்கினால் நின்றுவிடும்.

இப்போது காட்பாடி மடிக்கணினிக்கு வருவோம். 2015 தொடங்கி வந்த பல இன்டெல் கருவிகளில் ஒலிக்கென்றே ஒரு சிறு செயலி சிப்செட்டுக்குள் இருக்கிறது. மெல்லிய மடிக்கணினிகளில் மைக்கின் இடமும் மாறியது. முன்பெல்லாம் மைக் கோடெக்கின் ஒரு பின்னில் இருந்தது. இப்போது திரைக்கு மேலே கேமராவை ஒட்டி இரண்டோ நான்கோ டிஜிட்டல் மைக்குகளை வைத்து, அவற்றின் கம்பிகளைக் கோடெக்குக்குக் கொண்டுபோகாமல் நேராகச் சிப்செட்டுக்கே இழுத்துவிடுகிறார்கள். கோடெக்கிடம் போய் உன்னிடம் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் மைக்கின் பெயர் வராது. ஏனென்றால் மைக் அதன் வீட்டில் இல்லை. கூத்து நடக்கும் களத்திலேயே நிற்காத ஒருவரைக் கட்டியக்காரன் எப்படிக் கேட்பான்?

அந்த மைக்கை எட்ட வேண்டுமென்றால் ஒலிச் செயலிக்குள் ஃபர்ம்வேர் என்ற, அதற்குள்ளேயே ஓடும் நிரலை ஏற்ற வேண்டும். 2018-இல் அறிவிக்கப்பட்ட சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர் என்ற திட்டம் அதைத் திறமூலமாகவே தருகிறது. ஆனால் சந்தையில் விற்கும் பெரும்பாலான மடிக்கணினிகளில், இன்டெலின் கையொப்பமிட்ட கோப்பை மட்டுமே அந்தச் செயலி ஏற்றுக்கொள்ளும். மூல நிரல் எல்லோர் கண்ணுக்கும் திறந்திருக்கிறது. அதை நீங்களே தொகுத்து உங்கள் கருவியில் ஏற்ற மட்டும் முடியாது. பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் உண்டியல் போன்ற இந்தத் திறமூலத்தை நான் முழு மனதோடு பாராட்டத் தயாராக இல்லை என்றாலும், அது இல்லாத காலத்தைவிட இது எவ்வளவோ மேல். எத்தனை மைக்குகள் இருக்கின்றன, அவற்றின் அமைப்பு என்ன என்பதைப் பயாஸ் தரும் ஓர் அட்டவணையிலிருந்தும், ஃபர்ம்வேரோடு வரும் அமைப்புக் கோப்பிலிருந்தும் டிரைவர் எடுத்துக்கொள்கிறது. ஆக, இங்கே சில்லைக் கேட்பது பாதி, எழுதிவைத்த குறிப்பைப் படிப்பது பாதி.

டெபியன் 11 நிறுவும் அதிகாரபூர்வ வட்டில் இந்த ஃபர்ம்வேர் கிடையாது. முழுச் சுதந்திரம் உள்ள மென்பொருளை மட்டுமே வட்டில் வைப்பது என்ற கொள்கையால் அது தனிப் பிரிவில் ஒதுக்கப்பட்டிருந்தது. மாணவியின் கருவியில் நடந்தது இதுதான். டிஜிட்டல் மைக்குகள் இருப்பதைக் கர்னல் கண்டுபிடித்து, புதிய வகை டிரைவரைத் தேர்ந்தெடுத்தது. அந்த டிரைவர் ஃபர்ம்வேரைத் தேடி, கிடைக்காமல், முழு அட்டையையும் கைவிட்டது. ஸ்பீக்கரும் போய் 'டம்மி அவுட்புட்' மட்டும் மிஞ்சியது அதனால்தான். மூத்த மாணவர் சேர்த்த வரி, புதிய டிரைவரைத் தேர்ந்தெடுக்காதே, கோடெக்கை மட்டும் கேட்கும் பழைய டிரைவரையே எடு என்ற ஆணை. ஸ்பீக்கர் கோடெக்கில் இருந்ததால் வந்துவிட்டது. மைக் அங்கே இல்லாததால் வரவில்லை. அறியாமையில் செய்ததென்று அவரைக் குறை சொல்ல மாட்டேன். வந்த ஒலிக்கு அவர் செய்தது சரியான வேலை. வராத மைக்கை அன்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை, அவ்வளவே. அந்த வரியை அழித்து, ஃபர்ம்வேர் தொகுப்பை நிறுவி, கணினியை மறுதொடக்கம் செய்ததும் இரண்டும் வந்துவிட்டன. டெபியன் சமூகம் 2022 அக்டோபரில் வாக்கெடுத்து, இத்தகைய ஃபர்ம்வேரை நிறுவல் வட்டிலேயே சேர்ப்பது என்று முடிவுசெய்தது. 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12 முதல், இதே கருவியில் இதே சிக்கல் எழ வாய்ப்பு மிகவும் குறைந்துவிட்டது.

எல்லாக் கருவிகளும் இவ்வளவு எளிதாக வழிக்கு வருவதில்லை. இப்போதைய மெல்லிய மடிக்கணினிகள் சிலவற்றில் ஸ்பீக்கருக்கு முன்னால் தனி ஆம்ப்ளிஃபையர் சில்லுகள் இருக்கின்றன; சிரஸ் லாஜிக், டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் போன்ற நிறுவனங்களுடையவை. கடுகளவு ஸ்பீக்கரைக் கருகவிடாமல் அதிகபட்ச ஒலியைப் பிழிந்தெடுப்பது இவற்றின் வேலை. இவை பிசிஐ வழியாகவோ கோடெக்கின் கேள்வி பதில் வழியாகவோ இணைவதில்லை. ஐ2சி போன்ற மெலிந்த கம்பித்தடங்களில் தொங்குகின்றன. அந்தத் தடத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்க ஒழுங்கான முறை கிடையாது. முகவரி தெரிந்தால் கதவைத் தட்டலாம். திறப்பவர் தன் பெயரைச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. தொண்ணூறுகளின் ஐஎஸ்ஏ அட்டையில் ஜம்பர் வைத்த காலத்துக்கே ஒரு வகையில் திரும்பிவிட்டோம். பயனர் செய்த வேலையை இப்போது, வன்பொருள் விவரங்களை இயங்குதளத்துக்குச் சொல்லும் பயாஸின் ஏசிபிஐ அட்டவணை செய்ய வேண்டும் என்பது மட்டுமே வேறுபாடு. எத்தனை ஆம்ப்ளிஃபையர்கள், எது இடம், எது வலம், எந்தப் பின்னைக் கொண்டு அவற்றை எழுப்ப வேண்டும் என்பதெல்லாம் அந்த அட்டவணையில் இருந்தாக வேண்டும். சில மாதிரிகளில் தயாரிப்பாளர் அதை எழுதாமலே விட்டிருக்கிறார். அப்போது மீண்டும் கர்னல்காரர்கள்தான் ஸ்டிக்கர் ஒட்டப் போகிறார்கள்: சிரஸ் லாஜிக் டிரைவருக்குள்ளேயே, இன்ன மாதிரிக்கு இன்ன விவரம் என்று விடுபட்ட குறிப்புகளை நிரப்பும் அட்டவணை ஒன்று சேர்ந்திருக்கிறது.

இந்த வகைச் சிக்கலை அடையாளம் காண்பது எளிது. ஹெட்போனில் ஒலி தெளிவாக வரும். ஸ்பீக்கரில் வராது, அல்லது கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல மெலிந்து வரும். கோடெக் சரி, ஆம்ப்ளிஃபையர் விழிக்கவில்லை என்று பொருள். இங்கே எளிய பயனர் செய்யக்கூடியது புதிய கர்னலுக்கும் புதிய ஃபர்ம்வேர் தொகுப்புக்கும் மாறிப் பார்ப்பது மட்டுமே. மூன்றாண்டு பழைய கர்னலை வைத்துக்கொண்டு சென்ற ஆண்டு வந்த மடிக்கணினியில் ஒலியை எதிர்பார்ப்பதில் நியாயமில்லை. அதற்கும் வரவில்லை என்றால் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி ஒலி அடாப்டரை வாங்கிச் செருகிவிட்டு வேலையைப் பார்ப்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. யுஎஸ்பியில் ஒலிக் கருவிகளுக்கென்று பொதுத் தரம் ஒன்று இருக்கிறது. அதைப் பின்பற்றும் கருவி, செருகிய நொடியில் தான் யார், தன்னிடம் என்ன இருக்கிறது என்பதை ஒழுங்காகச் சொல்லிவிடும். கேட்டால் சொல்லும் சில்லு என்பதால் தனி டிரைவர் தேவையே எழுவதில்லை. புளூடூத் ஹெட்போன்களைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒன்று மட்டும்: மைக்கைப் பயன்படுத்தத் தொடங்கியதும் பாட்டின் தரம் தொலைபேசிக் குரலாகத் தேய்வது லினக்ஸின் குற்றமல்ல, அந்தத் தொழில்நுட்பத்தில் பேச்சுக்கும் இசைக்கும் வெவ்வேறு தடங்கள் இருப்பதால் வருவது.

ஒலி வராவிட்டால் படம் பார்க்க முடியாது, பாட்டுக் கேட்க முடியாது என்பது நம்மில் பலருக்கு. பார்வையற்றவருக்கு ஒலி வராத கணினி, திரை எரியாத கணினி. ஓர்கா போன்ற திரைவாசிப்பான்கள் தமிழ் உட்பட பல மொழிகளில் வாசிக்க ஈஸ்பீக் என்ற குரல் நிரலைப் பயன்படுத்துகின்றன. ஆனால் இயங்குதளத்தை நிறுவும்போதே குரல் வந்தால்தானே பிறர் துணையின்றி நிறுவ முடியும்? டெபியன் நிறுவியில் தொடக்கத்திலேயே எஸ் விசையையும் என்டரையும் தட்டினால் அது பேசத் தொடங்கும். கணினியில் பல ஒலி அட்டைகள் இருந்தால், எது உண்மையில் ஸ்பீக்கரோடு இணைந்தது என்று அப்போது அதற்குத் தெரியாது. பிசிஐயைக் கேட்டாயிற்று, கோடெக்கைக் கேட்டாயிற்று, பயாஸின் குறிப்பையும் படித்தாயிற்று; வெளியே போன அலை யார் காதிலாவது விழுந்ததா என்பதை மட்டும் எந்தச் சில்லாலும் சொல்ல முடியாது. ஆகவே விரும்பிய அட்டையிலிருந்து குரல் கேட்கும்போது என்டர் விசையைத் தட்டுங்கள் என்று, எதிரே உட்கார்ந்திருப்பவரிடமே அது கேட்டுக்கொள்கிறது.